பொய் சொல்ல ஒரு ஆள்

இப்போதெல்லாம் யாரும் தெரியாததைக் கேட்பதில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்கிறார்கள். பேங்கில் போய் நின்றால் என் பாஸ்புக்கை விரித்து வைத்துக்கொண்டே, "பேர் என்னங்க?" என்கிறான். அவன் கட்டைவிரலுக்குக் கீழேதான் என் பேர் இருக்கிறது. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்த பெண் வரப்பில் செருப்போடு நின்று, "இது என்ன பயிருங்க ஐயா?" என்று கேட்டது. கண்ணுக்கு எதிரே நெற்கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. போனில் ஒருத்தி கூப்பிட்டு, திருப்தி என்றால் ஒன்றை அழுத்து, இல்லை என்றால் இரண்டை அழுத்து என்கிறாள். எதில் திருப்தி என்று கேட்க எதை அழுத்துவது, அதைச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டே ஒருத்தன் கேட்கிறான் என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாத்தியார் விடை தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது பழைய வழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை நானும் அந்தக் கேள்விகளுக்கு அடி வாங்கியவன். ஆனால் அந்தக் காலத்து வாத்தியார் ஏழு எட்டு எவ்வளவு என்று கேட்டார். சொன்னால் உட்கார், சொல்லாவிட்டால் முட்டி போடு. புலியையும் ஆட்டையும் படகில் ஏற்றவில்லை.

என் பேத்தி கயல்விழி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அப்பன் வளவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். நானும் மருமகள் அம்சமும் அவளும்தான் வீட்டில். போன வருஷம் முழுக்க இந்தப் பெண்ணுக்கு வயிற்றுவலி. கணக்குப் பாடம் உள்ள நாளில் மட்டும் வலிக்கும். கணக்குப் பாடம் தினமும் உண்டு. காலையில் பாயிலேயே சுருண்டு கிடப்பாள், முகமெல்லாம் வேர்த்திருக்கும். நடிப்பு இல்லை, நடிப்பைப் பார்த்தால் எனக்குத் தெரியும். வலங்கைமானில் டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வலிக்குதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்ப மாத்திரை வேணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கும் பீஸ் வாங்கிக்கொண்டுதான்.

"இந்த ஒம்பதாவதோட நிறுத்திட்டுத் தையல்ல சேத்துடலாம் மாமா" என்றாள் அம்சம். நானும் சரி என்று சொல்லுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஜூன் மாதம் கும்பகோணத்திலிருந்து மேகலா என்று ஒரு கணக்கு டீச்சர் மாற்றலாகி வந்தது. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, புதிர் போடுமாம். நம்பர் புதிர், படகுப் புதிர், பொய்யன் புதிர் என்று. ஒரு மாதத்தில் கயல்விழிக்கு வயிற்றுவலி நின்றுவிட்டது. கணக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வலி நின்றது தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தாள். நான் மண்வெட்டிக்குப் புதுப் பிடி செருகிக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, ஒரு ஆளு. அவர்கிட்ட ஒரு புலி, ஒரு ஆடு, ஒரு புல்லுக்கட்டு இருக்கு. ஆத்தத் தாண்டணும். படகுல அவரோட இன்னும் ஒன்னத்தான் ஏத்தலாம். அவர் பக்கத்துல இல்லன்னா புலி ஆட்டத் தின்னுடும், ஆடு புல்லத் தின்னுடும். எப்படித் தாண்டுவாரு?"

"எந்த ஆறு?"

"ஏதோ ஒரு ஆறு."

"அதெப்படி? குடமுருட்டின்னா இப்ப முழங்கால் தண்ணி, ஆட்டத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே போயிடலாம். கொள்ளிடம்னா பாலம் இருக்கு."

"பாலம் இல்ல தாத்தா."

"பாலம் இல்லாத ஊர்ல அவனுக்குப் புலி ஏது?"

"வச்சிருக்காரு. அவ்ளோதான்."

"ஃபாரஸ்ட்காரன் வந்தா உள்ள போட்டுருவான். மொதல்ல புலியத் தொலைக்கச் சொல்லு. அப்புறம் ஆடும் புல்லும்தான். தின்னாத் தின்னட்டும். புல்லுக்கட்டே ஆட்டுக்குத்தானே? வயித்துக்குள்ள போட்டுக் கொண்டுபோனா சுமை மிச்சம்."

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டாள். அம்சம் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பிறகு புளியங்கொட்டை, வேப்பிலை, பாட்டில் மூடி எல்லாவற்றையும் வைத்து அவளே செய்து காட்டினாள். முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட வேண்டுமாம். வெறும் படகோடு திரும்ப வேண்டும். அப்புறம் புலியைக் கொண்டுபோய் விட்டு, அக்கரையில் விட்ட ஆட்டை மறுபடி இக்கரைக்கே கொண்டுவர வேண்டும். அதில்தான் சூட்சுமமாம். கொண்டுபோய் இறக்கிய சாமானைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருகிற ஆளை நான் அன்றைக்கே கூலியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

"இதுல கணக்கு எங்க இருக்கு?"

"யோசிக்கிறதுதான் கணக்குன்னு டீச்சர் சொன்னாங்க."

"யோசிக்கிறதுக்கா கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குது?"

அதற்கு அடுத்த வாரம் வேறொன்று. மனதில் ஒரு எண் நினைக்க வேண்டும். அதை இரண்டு மடங்காக்கி, எட்டைக் கூட்டி, பாதியாக்கி, முதலில் நினைத்ததைக் கழிக்க வேண்டும். கண்ணை மூடிப் போட்டுப் பார்த்தேன்.

"நாலு வந்துச்சா?" என்றாள்.

"மூணு."

"வராது தாத்தா. தப்பாப் போட்டுட்டீங்க. என்ன எண்ணு நெனச்சீங்க, சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். ஓடிபிய யாருகிட்டயும் சொல்லாதேன்னு தினம் போன்ல சொல்றான்."

"நீங்க எத நெனச்சாலும் கடைசியில அது கழிஞ்சு போயிடும். எட்டுல பாதி நாலு, அதான் மிஞ்சும்."

"கழிஞ்சு போறதுன்னா என்ன எதுக்கு நெனைக்கச் சொன்ன?"

இதற்கும் சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அந்த டீச்சரைப் பற்றி வாயை அடக்கிக்கொண்டிருந்தேன். பாடத்தின் மேல் நம்பிக்கை வந்து இல்லை.

ஆடி கடந்து தண்ணீர் இழுபறியாக வந்துகொண்டிருந்த சமயம் அது. எங்கள் கிளை வாய்க்காலில் மூன்று பேருக்கு வயல். தலைப்பில் திருமுருகன், நடுவில் நான், கடைசியில் பக்கீர் முகம்மது. தண்ணீர் குறைவாக வந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். ஒருத்தர் முறையில் மற்ற இரண்டு பேரும் தங்கள் வாமடையை, அதாவது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகிற வாயை, வைக்கோலும் சேறும் வைத்து அடைத்துவிட வேண்டும். இது சட்டம். சட்டம் இருக்கிற இடத்தில் வெட்டுகிறவனும் இருப்பான். பயிர் வாடுகிறபோது அடுத்தவன் முறையில் தன் வாமடையைத் திறந்துவிடாதவன் இந்த வாய்க்காலில் விவசாயம் பார்த்ததில்லை. ஆனால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மறுநாள் காலை நீலாம்பாள் டீக்கடையில், மற்றவன் கேட்கிறதுக்கு முன்னால், டீ ஆறுகிறதுக்கு முன்னால், "நான்தான் திறந்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். தண்ணீர் இழந்தவன் பரம்பரையைச் சொல்லித் திட்டுவான். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, தன் அடுத்த முறையை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அத்தோடு தீர்ந்தது. வீட்டுக்குக்கூடக் கொண்டுபோவதில்லை.

அந்த வாரம் என் முறையில் திருமுருகன் திறந்துவிட்டான். காலையில் வந்து சொன்னான். நான் அவன் அப்பனிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டான். எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தான். அவன் அடுத்த முறையில் நான் பாய்ச்சிக்கொண்டேன்.

வயலில் தண்ணீர் ஏறாததையும், தலைப்பில் திருமுருகன் வாமடை திறந்து கிடந்ததையும் மட்டும் கயல்விழி பார்த்திருக்கிறாள். டீக்கடைக்கு அவள் வந்ததில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு டீச்சர், பிள்ளைகளே ஆளுக்கொரு புதிர் கட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் தெருவிலிருந்தே எடுங்கள் என்று சொல்லியிருந்ததாம். கயல்விழி கட்டிக்கொண்டு போன புதிர்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது என்று அதைப் போர்டில் எழுதிப் போட்டார்கள். இதுதான் அது:

ஒரு வாய்க்காலில் முறை தவறி மடையைத் திறந்தது யார்? வீரையன் சொல்கிறார்: பக்கீர் திறக்கவில்லை. பக்கீர் சொல்கிறார்: திருமுருகன்தான் திறந்தார். திருமுருகன் சொல்கிறார்: பக்கீர்தான் திறந்தார். மூவரில் ஒருவர் மட்டுமே பொய் சொல்கிறார்.

வீரையன் என்பது நான்தான்.

விடை சுலபமாம். நானும் திருமுருகனும் ஒருவரை ஒருவர் மறுக்கிறோம், அதனால் பொய்யன் எங்கள் இருவரில் ஒருத்தன். அப்படியானால் பக்கீர் சொன்னது நிஜமாகத்தான் இருக்க வேண்டும். பக்கீர் திருமுருகன் என்கிறார். முடிந்தது. முப்பது பிள்ளைகள் முப்பது வீட்டுக்கு இதைக் கொண்டுபோய், அப்பன் ஆத்தாளை உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை டீக்கடைக்குள் திருமுருகன் நுழைந்தபோது, நீலாம்பாள் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள், "ஏந்தம்பி, பாய் மேலயா பழி போட்ட? அவரு பாவம், கடைசி வயலுக்காரரு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

திருமுருகன் லேசான ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுக்கு அவன் பெண்டாட்டி மீனாதான் தலைவி. பெற்றோரில் ஒரு பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று விதி. அதனால் மீனா தலைவி, திருமுருகன் பேசுகிற ஆள். வெள்ளிக்கிழமை கூட்டம், அந்தப் புதிர் மணியை நிறுத்தச் சொல்லித் தீர்மானம், முரண்டு பிடித்தால் டீச்சரை மாற்றச் சொல்லி மேலிடத்துக்குப் போவோம் என்று வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வியாழக்கிழமை காலை கயல்விழி பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு கிடந்தாள். அம்சம் என்னைப் பார்த்தாள். தையல் கிளாஸ் என்று அவள் வாயால் சொல்லவில்லை. சொன்னது மாதிரிதான் இருந்தது.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன்.

"நீங்க வந்து பேசுனா இன்னும் கெட்டுப் போயிடும் மாமா."

"பேச மாட்டேன். உக்காந்திருக்கேன்."

கூட்டத்தை ஒன்பதாம் வகுப்பு அறையிலேயே வைத்தார்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, புதிர் போட்டவள் என்று கயல்விழியை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். போர்டில் புதிர் அப்படியே இருந்தது. தலைமையாசிரியர் மேசையருகே நின்றார். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும், தனக்கு ஓய்வு பெறும்வரை சத்தம் வேண்டாம் என்று நினைக்கிற மனிதர். மீனா தீர்மான நோட்டோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கீர் பாயும் நானும் அவளுக்குப் பின்னால். அந்தப் பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது. முழங்கால் தாடையில் இடித்தது.

"மேகலா டீச்சர் நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க" என்று தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "இருந்தாலும் பெற்றோர் மனசு நோகும்படி ஆயிடுச்சு. அந்த ஒரு மணியில வழக்கமான பாடமே நடத்திட்டா யாருக்கும்..."

"இருங்க சார்" என்று திருமுருகன் எழுந்தான். என் பக்கம் திரும்பினான். "பெரியப்பா, நீங்களே சொல்லுங்க. ஒங்க முறையில நான் வாமடையத் திறந்தேனா?"

பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். கேட்டால் என்ன செய்வது?

"திறந்த."

"மறுநா காலையில நானா வந்து சொன்னேனா?"

"சொன்ன."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அதப் புள்ளைங்க படிக்கிற எடத்துல சொல்ல முடியாது."

"சரி. அதோட முடிஞ்சுதா இல்லியா?"

"முடிஞ்சுது."

"அப்ப இந்தப் போர்டுல நான் ஏன் பாய் மேல பழி போட்டுக்கிட்டு நிக்கிறேன்?"

டீச்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சின்னப் பெண். கையெல்லாம் சாக்பீஸ்.

"சார், நீங்க திறந்ததா வந்ததுக்குத்தான் கோவம்னு நெனச்சேன்."

"திறந்ததுக்கு என்னங்க கோவம்? திறந்தேன். நாத்து வாடுச்சு, திறந்தேன். அதுக்குத் திட்டும் வாங்கியாச்சு. பாய் மேல பொய் சொன்னேன்னு எழுதியிருக்கீங்களே, அதத்தான் கேக்குறேன். நீலாம்பாள் அக்கா எனக்கு டீ ஆத்தும்போது மூஞ்சியத் திருப்பிக்குது."

"அது வெறும் புதிர்தாங்க. நிஜமா நீங்க இல்ல. வேணும்னா பேர மாத்தி ராமு, சோமுன்னு..."

"ஒரு வாரம் கழிச்சு மாத்துனா என்ன அர்த்தம்? நிசத்தச் சொன்னதும் பயந்துட்டாங்கன்னு ஊரு சொல்லும். முப்பது நோட்டுல எழுதியாச்சு டீச்சர். திருமுருகன் திறந்தான், சரி. திருமுருகன் பொய் சொன்னான், அத எடுக்கணும். எடுக்க முடியலன்னா இந்த வகுப்பையே எடுத்துடுங்க."

மேகலா டீச்சர் கயல்விழியைப் பார்த்தது. கயல்விழி போர்டைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"நீங்க நிஜம் சொன்னா வேற யாராவது பொய் சொல்லணுமே" என்றாள் மெதுவாக.

"ஏன் சொல்லணும்?"

"மூணு பேரும் நிஜம் சொல்லிட்டா அது புதிரே இல்ல சித்தப்பா. ஒங்கள மொதல்லயே தெரிஞ்சுபோயிடும்."

"தெரியத்தானே தெரியுது. நான்தான் சொல்லிட்டேனே."

"புதிருக்கு ஒரு பொய் வேணும்."

"அப்ப யாராவது சொல்லிட்டுப் போகட்டும்."

எல்லாரும் பாயைப் பார்த்தார்கள். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நான் ஹஜ்ஜுக்கு மனு போட்டுருக்கேன் சார். இந்த வருஷம் பேர் வந்தாலும் வரும். போர்டுலயா இருந்தாலும் பொய் வேணாம். அடுத்த வருஷம்னா யோசிக்கலாம்."

"அடுத்த வருஷம் புள்ளைங்க பத்தாவது போயிடுவாங்க" என்றார் தலைமையாசிரியர், பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தது மாதிரி.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை ஊரில் பல விதமாகச் சொல்வார்கள். வாய் மோசம், கருமி, யாரையும் நம்பாதவன், கல்யாண வீட்டிலும் குறை சொல்லுகிறவன். எல்லாம் உண்மைதான், நான் மறுத்ததில்லை. பொய்யன் என்று மட்டும் எவனும் சொன்னதில்லை. சொல்ல வழி விடவில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவனுக்குப் பொய் சொல்ல நேரமே வாய்க்காது.

"என்ன எதுக்குப் பாக்குறீங்க?" என்றேன். "திருட்டுப் போனது எந்தண்ணி. பொய்யும் நானா சொல்லணும்?"

"சும்மா பேருக்குத்தானே பெரியப்பா" என்றான் திருமுருகன்.

"பேருக்குன்னா ஒம்பேர் இருந்துட்டுப் போகட்டுமே."

"என்னால முடியாது. எனக்குப் புள்ளைங்க படிக்குது."

"எம்பேத்தி இங்க மாடா மேய்க்குது?"

பக்கீர் பாய் என் தொடையைத் தட்டினார். "வீரையா, மெதுவா."

மீனா பேனா மூடியைக் கழற்றினாள். "மாமா, நாலு மணி பஸ்ஸுக்கு எனக்கு நடவு ஆளுங்கள அனுப்பணும். தீர்மானம் எழுதணுமா வேணாமா? ஒன்னு சொல்லுங்க. இவரக் கேட்டா இன்னும் ஒரு வாரம் பேசுவாரு."

"ஏய்" என்றான் திருமுருகன்.

"தலைவி நானா நீங்களா?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

நான் போர்டைப் பார்க்கவில்லை. கயல்விழியைத்தான் பார்த்தேன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், என் குணம் அப்படி. உள்ளங்கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை காலை பாயில் எப்படிக் கிடப்பாள் என்று தெரிந்தது. அதற்கு அடுத்த நாளும், அதற்கு அடுத்த மாதம் தையல் மிஷின் முன்னாலும்.

"எழுதிக்க" என்றேன்.

"என்ன தாத்தா?"

"எம்பேரப் போட்டுக்க. நான் பொய் சொல்லிட்டேன்னு எழுதிக்க."

அவள் உடனே டஸ்டரை எடுத்தாள். அந்த வேகத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தை வேண்டாம் தாத்தா என்று சொல்லியிருக்கலாம். சரசரவென்று அழித்துவிட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, இரண்டு தரம் எழுதி இரண்டு தரம் அழித்தாள். வயிற்றில் இருந்த கை எப்போது எடுபட்டதோ தெரியவில்லை. கடைசியில் இப்படி வந்தது:

வீரையன் சொல்கிறார்: பக்கீர்தான் திறந்தார். பக்கீர் சொல்கிறார்: நான் திறக்கவில்லை. திருமுருகன் சொல்கிறார்: நான்தான் திறந்தேன். மூவரில் ஒருவர் மட்டுமே பொய் சொல்கிறார்.

"பாய் மேல பழிய இப்ப நானா போடுறேன்?" என்றேன்.

"ஆமா தாத்தா. அப்பத்தான் வரும்."

"மனசுல வச்சுக்காத பாய்."

"போர்டுலதானே" என்றார் பக்கீர். ஆனாலும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

திருமுருகன் போர்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டான். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். "பெரியப்பா பாய்ங்கிறாரு. பாய் இல்லங்கிறாரு. அப்ப இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்."

"ஆமா சார்" என்றது டீச்சர்.

"ஒரே ஒரு பொய்தான் இருக்கு. அது இங்க தீந்துபோச்சு. அப்ப நான் சொல்றது?"

"சொல்லுங்க."

"நிசம்." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் திறந்தேன். மீனா, பாரு, சரியா வருது."

"வருது வருது" என்றாள் மீனா. தானும் எழுந்து போய் ஒரு தரம் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தலைமையாசிரியர், ஒருவேளை வீரையனே திறந்திருந்தால் என்ன ஆகும் என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். அப்போது திருமுருகன் சொன்னதும் பொய்யாகி, இரண்டு பொய் வந்துவிடும், கூடாது என்று திருமுருகனே அவருக்கு விளக்கினான். மடையைத் திறந்த ஆள், தான் திறந்ததை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் கண்டதில்லை.

தீர்மானம் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணி அப்படியே இருக்கட்டும் என்று மீனா சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். புதுப் புதிரைக் கண்டதும் சளசளவென்று பேச ஆரம்பித்தார்கள். கயல்விழி நடுவில் நின்றுகொண்டு, சொல்லாதீங்க, சொல்லாதீங்க, நீங்களே கண்டுபிடிங்க என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

நான் பெஞ்சிலிருந்து காலை உருவி எடுத்து வாசலுக்கு வந்தேன். மேகலா டீச்சர் பின்னாலேயே வந்தது.

"ரொம்ப நன்றிங்க ஐயா. பாத்தீங்களா, பெரியவங்க எல்லாருமே எப்படி யோசிச்சாங்க. இதுதான் புள்ளைங்களுக்கும் நடக்குது. இப்பவாவது ஒத்துக்குவீங்களா?"

"எதம்மா ஒத்துக்கணும்?"

"புதிர் போட்டா கணக்கு மேல பயம் போகுதுன்னு."

"எம்பேத்திக்கு வயித்துவலி போவுது. அது எனக்குப் போதும். மத்தது எனக்குப் புரியல." நான் செருப்பை மாட்டினேன். "திறந்தவன் நான்தான் திறந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். அவன் யாருன்னு கண்டுபிடிக்க நீங்க இவ்வளவு பேரு. அதுக்கு ஒரு ஆளு பொய்யனாகணும். என்ன பாடமோ."

"ஆள் தெரியாத மாதிரி வச்சுக்கிட்டு யோசிக்கிறோம் ஐயா."

"தெரிஞ்சதத் தெரியாத மாதிரி ஏன் வச்சுக்கணும்?"

அது பதில் சொல்ல வாயெடுத்தது. உள்ளே பிள்ளைகள் டீச்சர், டீச்சர் என்று கத்தினார்கள். "இருங்க ஐயா, ஒரே நிமிஷம். இத வேற மாதிரி ஒரு புதிர் வச்சு ஒங்களுக்குப் புரிய வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனது.

நான் இருக்கவில்லை. நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தனைப் பொய்யனாக்கி நிஜத்தைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கணக்கு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் வகுப்பே சேர்ந்து, "வீரையன் பொய் சொல்கிறார்" என்று சத்தமாக விடை சொன்னது. கேட்டைத் திறந்து வெளியே வந்து, திரும்பிப் பார்க்காமல் வாய்க்கால் கரையில் இறங்கி நடந்தேன்.